தெருவோரச் செடிப்பெட்டிகள்

வானினின்று இறங்கும் மழைநீருக்கு இயல்பில் விரைவு இல்லை. காட்டிற் பெய்யும் மழை முதலில் இலைகளில் தங்குகிறது. இலையினின்று கிளைக்கும், கிளையினின்று அடிமரத்துக்கும் மெல்ல இறங்குகிறது. பின்னர்ச் சருகுகளை நனைத்து, வேர்கள் துளைத்துவைத்த மண்ணுக்குள் புகுந்து மறைகிறது. மழை நின்று பல நாள் சென்ற பின்னும் அம்மண் நீரைச் சிறிது சிறிதாகக் கசியவிட்டு ஓடைகளை வற்றாமற் காக்கிறது. நகரத்தில் விழும் மழையின் நிலை இதற்கு முற்றும் மாறானது. அங்கே அது கண்டு பழகும் பொருள்கள் ஓடும், சிமெண்டும், தாரும், கல்லுமே. இவற்றுள் ஒன்றேனும் நீரை உட்கொள்வதில்லை. கூரையில் விழுந்த துளி அடுத்த கணமே குழாயில் இறங்குகிறது. குழாயினின்று தெருவுக்கும், தெருவினின்று சாக்கடைக்கும் பாய்கிறது. காட்டில் பல நாள் நிகழ வேண்டிய செலவு நகரத்திற் சில நிமிடங்களில் முடிந்துவிடுகிறது.

நகரங்களை அமைத்த பொறியாளர் பலரும் நெடுங்காலம் இவ்விரைவையே நன்மை எனக் கருதினர். தெருவில் நீர் தேங்குதல் கூடாது. விழுந்த நீர் விழுந்தவுடன் கண்ணுக்கு மறைந்துவிடல் வேண்டும். அதற்குத் தக்க பெரிய குழாய்களை நிலத்தடியிற் புதைத்தல் வேண்டும் என்பதே அவர்தம் கொள்கை. நகரம் சிறிதாய் இருந்த வரையில் இக்கொள்கை பிழைபட்டதாகத் தோன்றவில்லை. நகரம் வளர வளர, மண் மூடப்பட மூடப்பட, குழாய்கள் நீரின் அளவைத் தாங்கமாட்டாதன ஆயின. மற்றொரு தீங்கும் உடன் வளர்ந்தது. தெருவைக் கழுவிக்கொண்டு ஓடும் நீர், வண்டிகளினின்று சிந்திய எண்ணெயையும், தேய்ந்த டயர்களின் துகளையும், செம்பு, துத்தநாகம் முதலிய உலோகப் பொடிகளையும் வாரிக்கொண்டு சென்று ஆற்றிற் கலந்தது. வானிலிருந்து தூயதாய் இறங்கிய நீர், ஒரு தெருவின் நீளத்தைக் கடப்பதற்குள் கழிவுநீர் ஆகிவிடுகிறது.

இவ்விரு தீங்குகளையும் ஒருங்கே நுகர்ந்து, அவற்றிற்கு ஒரு மாற்றுங் கண்ட நகரம் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மேற்குக் கோடியில், ஓரிகன் மாநிலத்தில் உள்ள போர்ட்லாந்து ஆகும். வில்லாமெட் என்னும் ஆறு அந்நகரின் நடுவே வடக்கு நோக்கி ஓடிக் கொலம்பியா என்னும் பேராற்றிற் கலக்கிறது. அங்கே ஓர் ஆண்டிற் பெய்யும் மழை ஏறத்தாழ 37 அங்குலம். இது சென்னையின் ஆண்டு மழையினும் குறைவே. ஆயினும் பெய்யும் முறை வேறு. கோடையில் மழை அரிது. இலையுதிர்காலம் தொடங்கி இளவேனில் வரையில், நாள்தோறும் என்னலாம்படி, மெல்லிய தூறலாய் மழை விடாது பெய்துகொண்டிருக்கும்.

போர்ட்லாந்தின் பழைய பகுதிகளில் வீட்டுக் கழிவுநீருக்கும் மழைநீருக்கும் நிலத்தடியில் ஒரே குழாய்தான் இருந்தது. 1952-ஆம் ஆண்டு வரையில் அக்குழாய்கள் தாம் ஏந்திவந்த அனைத்தையும் நேரே ஆற்றில் விடுத்தன. அவ்வாண்டிற் கழிவுநீரைத் தூய்மை செய்யும் நிலையம் ஒன்று பணி தொடங்கிற்று. வெயிற்காலத்தில் அந்நிலையம் தன் கடமையைச் செவ்வனே செய்தது. மழைக்காலத்திலோ, கூரைகளினின்றும் தெருக்களினின்றும் பாய்ந்த நீர் குழாய்களை நிரப்பிற்று. குழாய் நிரம்பினால் நீர் வீடுகளின் நிலவறைகளுக்குள் மேலெழும். அதனைத் தடுக்கும்பொருட்டு ஆற்றங்கரையில் முன்னரே வடிகால் வாய்கள் அமைக்கப்பட்டிருந்தன. குழாய் நிரம்பியதும் மழைநீரும் மலநீரும் ஒன்றாய்க் கலந்து அவ்வாய்களின் வழியே ஆற்றில் வீழ்ந்தன. பெருமழை வேண்டியதில்லை, சிறு மழையே இதற்குப் போதியதாயிற்று. மழை பெய்த மறுநாள் ஆற்றில் இறங்குதல் உடலுக்குத் தீங்கு என்று கரையில் எச்சரிக்கை வைக்கும் நிலை நேர்ந்தது.

1991-ஆம் ஆண்டில் ஓரிகன் மாநிலத்தின் சுற்றுச்சூழல் துறையோடு போர்ட்லாந்து நகராட்சி ஓர் உடன்பாடு செய்துகொண்டது. இருபது ஆண்டுகளுக்குள், அதாவது 2011-ஆம் ஆண்டு முடிவதற்குள், இவ்வாறு கழிவுநீர் வழிந்து ஆற்றில் வீழ்வதைப் பெரும்பாலும் ஒழித்தல் வேண்டும் என்பதே அவ்வுடன்பாடு. அதனை நிறைவேற்ற நகரத்தார் ஆற்றின் இருகரைகளிலும் நிலத்தின் ஆழத்திற் சுரங்கம் தோண்டினர். மேற்குக் கரைச் சுரங்கம் 2006-இல் முடிந்தது. கிழக்குக் கரைச் சுரங்கம் 2011-இல் முடிந்தது. பின்னது ஏறத்தாழ ஆறு மைல் நீளமும் 22 அடி விட்டமும் உடையது. பெரிய சரக்கு வண்டியே அதனூடு செல்லலாம். பெருங்குழாய் என்று மக்களால் அழைக்கப்படும் இப்பணிக்கும் அதனைச் சார்ந்த பணிகளுக்கும் ஆன செலவு ஏறத்தாழ 140 கோடி டாலர். முன்பு மழைதோறும் நேர்ந்த வழிதல், இப்போது மழைக்காலத்திற் சராசரியாக நான்கு முறையும், கோடையில் மூன்றாண்டுக்கு ஒருமுறையும் நேரும் அளவிற்குக் குறைந்திருக்கிறது. குழாய்களைப் பழித்துச் செடிகளை மட்டும் புகழ்வோர் சிலர் உளர். அவர்கள் இக்கணக்கை மறந்துவிடுகின்றனர். குழாய் இன்றி அந்நகரத்தின் ஆறு தூய்மை அடைந்திராது.

எனினும் குழாய்க்கும் ஓர் எல்லை உண்டு என்பதை அந்நகரத்துப் பொறியாளர் தொடக்கத்திலேயே உணர்ந்தனர். சுரங்கத்துள் புகும் நீர் எவ்வளவோ அவ்வளவு பெரிதாக அச்சுரங்கத்தைத் தோண்டல் வேண்டும். ஆகவே, புகும் நீரை முன்னரே குறைத்துவிடின் சுரங்கத்தின் அளவும் செலவும் குறையுமன்றோ? 1993-ஆம் ஆண்டில் ஓர் எளிய திட்டம் தொடங்கப்பட்டது. வீட்டுக் கூரையின் நீர் இறங்கும் குழாயை அடியில் அறுத்து, சாக்கடையினின்று பிரித்து, அந்நீரை வீட்டுத் தோட்டத்துப் புல்லின்மேல் ஓடவிடுவதே அத்திட்டம். தாமே குழாயைப் பிரித்துக்கொண்ட வீட்டாருக்கு நகராட்சி சிறு தொகையும் அளித்தது. 2011-ஆம் ஆண்டு வரை நடந்த இத்திட்டத்தால் ஐம்பதாயிரத்திற்கும் மேற்பட்ட குழாய்கள் சாக்கடையினின்று பிரிக்கப்பட்டன. ஓர் இரும்பு வாளும், வளைந்த குழாய்த்துண்டும், தெறிக்கும் நீரைத் தாங்க ஒரு கல்லும் இதற்குப் போதுமானவை.

தோட்டம் உள்ள வீட்டுக்கு இவ்வழி பொருந்தும். சுவரோடு சுவர் ஒட்டிய கடைத்தெருவிலும், பல மாடிக் கட்டடத்தின் அடியிலும் நீரை ஓடவிடப் புல்வெளி ஏது? அங்கே தோட்டத்தையே ஒரு பெட்டிக்குள் அடக்க வேண்டியதாயிற்று. இவ்வாறு தோன்றியதே மழைநீர்ச் செடிப்பெட்டி.

செடிப்பெட்டி என்றவுடன் சாளரத்தின் கீழ் அழகுக்காக வைக்கும் பூந்தொட்டியை நினைத்தலாகாது. பூந்தொட்டியில் மண் விளிம்பு வரை நிறைந்திருக்கும். இதிலோ மண்ணின் மட்டம் விளிம்பினின்று ஓரடிக்குச் சிறிது குறைவாகவோ கூடுதலாகவோ தாழ்ந்திருக்கும். அவ்வெற்றிடமே இதன் உயிர்நிலை. மழை வலுக்கும்போது நீர் தங்கிநிற்கும் இடம் அதுவே. அதன்கீழ் ஏறக்குறைய ஒன்றரை அடி ஆழத்திற்கு மணலும் மக்கிய உரமும் கலந்த மண் இருக்கும். மண்ணுக்கும் கீழே சரளைக்கல் பரப்பியிருக்கும். கூரையினின்று வரும் குழாயின் வாய் பெட்டிக்குள் திறக்கும். நீர் மண்ணை அரித்துப் பள்ளம் ஆக்காதபடி அவ்விடத்திற் கூழாங்கற்களைப் பதித்திருப்பர். பெட்டியின் ஒரு மூலையில் விளிம்பைவிடச் சற்றுத் தாழ்ந்த உயரத்தில் ஒரு குழாய் நிமிர்ந்து நிற்கும். நீர் அதன் தலையைத் தொட்டால் மிகுதி முழுவதும் அதன் வழியே சாக்கடைக்குப் போய்விடும். ஆகவே பெட்டி நிரம்பி வழிந்து சுவரை நனைத்தல் இல்லை.

இப்பெட்டிகள் இரு வகையின. ஒரு வகைக்கு அடித்தளம் இல்லை. நீர் மண்ணையும் சரளையையும் கடந்து, கீழுள்ள நிலத்துள் இறங்கி நிலத்தடி நீரோடு சேர்ந்துவிடும். கட்டடத்திற்குத் தொலைவிலும், நிலம் நீரை ஏற்கும் தன்மையுடையதாய் இருக்கும் இடத்திலும் இவ்வகை சிறந்தது. மற்றொரு வகையில் அடியும் பக்கமும் நீர் கசியாதபடி அடைக்கப்பட்டிருக்கும். சரளையின் நடுவே துளைகள் இட்ட குழாய் ஒன்று கிடக்கும். மண்ணினூடு வடிந்த நீரை அக்குழாய் ஏற்றுச் சாக்கடைக்குக் கொண்டுசெல்லும். கட்டடத்தின் கடைக்காலை ஒட்டிய இடங்களிலும், களிமண் நிலத்திலும், மாசுபட்ட மண் உள்ள இடத்திலும் இதுவே ஏற்றது. இறுதியில் நீர் சாக்கடைக்குத்தானே போகிறது, பயன் யாது என வினவலாம். போகும் நீர் தெளிந்து போகிறது. அதனினும் மேலாகக் காலந்தாழ்த்துப் போகிறது. ஆயிரம் கூரைகளின் நீர் ஒரே நேரத்தில் வந்தால் குழாய் நிரம்பும். அதே நீர் சில மணி நேரத்திற் பரவி வந்தால் குழாய் அதனை எளிதில் ஏற்கும். ஒரே வாயில் வழியே பள்ளிப்பிள்ளைகள் அனைவரும் மணியடித்தவுடன் முண்டியடித்து ஓடுவதற்கும், வகுப்பு வகுப்பாகப் புறப்படுவதற்கும் உள்ள வேற்றுமை இது.

இத்தனைக்கும் மண்ணும் சரளையும் போதாவோ, செடி எதற்கு? செடியில்லாத மண் சில மழைகளில் இறுகிவிடும். அதன்மேல் வண்டல் படிந்து ஒரு தோல் போல் மூடிவிடும். வேர்களோ ஓயாமல் மண்ணைத் துளைத்துக்கொண்டிருக்கின்றன. பழைய வேர் மடிந்த இடத்தில் நுண்ணிய வழி ஒன்று எஞ்சுகிறது. அவ்வழியே நீர் இறங்குகிறது. வேரைச் சார்ந்து வாழும் நுண்ணுயிர்கள் எண்ணெய்ப் பசையைச் சிதைத்து உணவாக்கிக்கொள்கின்றன. உலோகத் துகள்கள் மக்கிய உரத்தில் ஒட்டி நின்றுவிடுகின்றன. அன்றியும், மழையில்லாத நாளில் செடி மண்ணின் ஈரத்தை உறிஞ்சி இலை வழியே ஆவியாக்கி, அடுத்த மழைக்குப் பெட்டியில் இடம் உண்டாக்குகிறது. மழைக்காலத்தில் முழங்கால் அளவு நீரிலும், கோடையில் வறண்ட மண்ணிலும் ஒருங்கே வாழவல்ல செடியே இதற்கு வேண்டும். போர்ட்லாந்தில் அந்நாட்டுக் கோரை வகைகள் இவ்விரு நிலையையும் பொறுப்பனவாய் உள்ளன.

இதன் ஆற்றலைச் சிறு கணக்கால் அறியலாம். ஆயிரம் சதுர அடிக் கூரையில் ஓர் அங்குல மழை பெய்தால் இறங்கும் நீர் ஏறத்தாழ 2,360 லிட்டர். போர்ட்லாந்து நகராட்சியின் எளிய கணக்கு முறைப்படி, கூரைப்பரப்பில் நூற்றுக்கு ஆறு பங்கு பெட்டிக்கு வேண்டும். அஃதாவது ஆயிரம் சதுர அடிக்கு அறுபது சதுர அடி. அப்பெட்டியின் வெற்றிடத்தில் ஆறு அங்குல உயரத்திற்கு நீர் நின்றால் அதன் அளவு 850 லிட்டர். மண் ஒரு மணி நேரத்திற்கு நான்கு அங்குல நீரை உட்கொள்ளும் எனக் கொண்டால், மணிக்கு ஏறத்தாழ 565 லிட்டர் கீழே இறங்கும். ஓர் அங்குல மழை நான்கு மணி நேரம் பரவிப் பெய்தால் மணிக்கு 590 லிட்டர் வரும். வருவதும் இறங்குவதும் ஏறக்குறைய ஒன்றாயிருத்தலின் பெட்டியிற் சிறிதளவே நீர் தேங்கும். சாக்கடைக்கு நேரே செல்வது ஒன்றுமில்லை. அந்த ஓர் அங்குலமே அரைமணி நேரத்திற் கொட்டித் தீர்த்தால் என்னாகும்? மண் அவ்வேளைக்குள் 280 லிட்டரை உட்கொள்ளும். வெற்றிடம் 850 லிட்டரை ஏந்தும். எஞ்சிய 1,200 லிட்டருக்கு மேற்பட்ட நீர் வழிந்து ஓடிவிடும்.

இக்கணக்கு செடிப்பெட்டியின் பெருமையையும் சிறுமையையும் ஒருங்கே காட்டுகிறது. தூறலுக்கும் இடைத்தர மழைக்கும் இஃது அரண். புயல்மழைக்கு அரணாகாது. வடகிழக்குப் பருவமழையின்போது சென்னையில் அரைமணிக்கு ஓர் அங்குலம் பெய்வது அரிய நிகழ்ச்சியன்று. 2015-ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாளில் பெய்தது போன்ற மழையின்முன் எந்தப் பெட்டியும் நில்லாது. அத்தகைய மழைக்கு ஏரியும், குளமும், சதுப்பு நிலமும், அடைபடாத கால்வாயுமே துணை. தமிழகத்தில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேமிப்பு 2003-ஆம் ஆண்டிற் கட்டாயமாக்கப்பட்டது. கூரைநீரை மண்ணுக்குள் இறக்குவதில் அம்முறையும் செடிப்பெட்டியும் உடன்பிறந்தவை எனலாம். ஆயினும் தமிழகத்து முறையின் முதல் நோக்கம் கிணற்றில் நீர் ஊறவேண்டும் என்பது. போர்ட்லாந்தின் முதல் நோக்கம் சாக்கடை வழியலாகாது என்பது. தண்ணீர்ப் பஞ்சம் கண்ட ஊரும் சாக்கடை வெள்ளம் கண்ட ஊரும் ஒரே மருந்தை வெவ்வேறு நோய்க்கு உண்டன.

கூரைநீருக்குப் பயன்பட்ட பெட்டியைத் தெருநீருக்கும் பயன்படுத்தலாம் என்ற எண்ணம் விரைவிலேயே எழுந்தது. இதற்குப் பெயர்பெற்ற சான்று, போர்ட்லாந்து மாநிலப் பல்கலைக்கழகத்தை ஒட்டிச் செல்லும் தென்மேற்குப் பன்னிரண்டாம் அவென்யூவில் 2005-ஆம் ஆண்டு அமைக்கப்பட்ட நான்கு செடிப்பெட்டிகளாகும். அத்தெருவின் மழைநீர் முன்பு வடிகால் வழியே யாதொரு தூய்மையும் செய்யப்படாமல் வில்லாமெட் ஆற்றை அடைந்துவந்தது. நடைபாதைக்கும் தெருவுக்கும் இடையே அவ்வளவாகப் பயன்படாமற் கிடந்த மண்பட்டையில் இப்பெட்டிகளைக் கட்டினர். தெரு சிறிது சரிவானது. நீர் விளிம்புக்கல்லை ஒட்டி ஓடிவந்து, அக்கல்லில் ஓரடி அகலத்திற்கு வெட்டப்பட்ட வாயின் வழியே முதற் பெட்டிக்குள் நுழையும். முதற் பெட்டி நிரம்பினால், மறுகோடியில் உள்ள வாயின் வழியே மீண்டும் தெருவுக்கு வந்து இரண்டாம் பெட்டிக்குட் புகும். இவ்வாறே மூன்றாவதும் நான்காவதும். நான்கும் நிறைந்த பின்னரே மிகுதி பழைய வடிகாலைச் சேரும். மண் அங்கே மணிக்கு நான்கு அங்குலம் என்னும் அளவில் நீரை உட்கொண்டது. ஏறத்தாழ எட்டாயிரம் சதுர அடித் தெருப்பரப்பின் நீர் இப்பெட்டிகளுக்கு வருகிறது. பதினெட்டுச் சென்ட் நிலம் எனலாம். ஆண்டிற்கு 1,80,000 காலன், அஃதாவது ஏறத்தாழ 6,80,000 லிட்டர் நீரில் பெரும்பகுதியை இந்நான்கு பெட்டிகளே ஏற்றுக்கொள்ளும் என மதிப்பிட்டனர். இருபத்தைந்து ஆண்டிற்கு ஒருமுறை நேரும் பெருமழையைப் போல நீரைப் பாய்ச்சிச் சோதித்தபோது, ஓட்டத்தின் வேகம் நூற்றுக்கு எழுபது பங்கேனும் குறைந்தது.

இதனை அமைத்தவர்களுக்கு நீரினும் மக்களே பெரிய சிக்கலாயினர். அத்தெருவில் கார்கள் ஓரமாக நிறுத்தப்படும். காரிலிருந்து இறங்குவோர் நேரே பள்ளத்துக்குள் கால்வைத்துவிடலாகாது. ஆகவே தெருவோரத்தில் மூன்றடி அகலத்திற்குக் கல் பாவிய நடையொன்று விட்டு, பெட்டிகளுக்கு இடையே குறுக்கு வழிகளும் அமைத்தனர். கண்பார்வை அற்றோர் கோலால் தடவி அறியும்படி பெட்டியைச் சுற்றி நான்கு அங்குல உயரத்திற்கு விளிம்பு கட்டினர். நீர் செல்லும் வாய்களின்மேல் நடப்போர் கால் இடறாதபடி இரும்புச் சட்டம் இட்டனர். நீரின் கணக்கில் மட்டும் வல்லவர் ஒருவர் இதனைச் செய்திருந்தால் இவ்வளவும் நினைவுக்கு வந்திராது. பெட்டிகளுள் கோரையையும், டுபெலோ என்னும் மரத்தையும் நட்டனர். இம்மரம் இயல்பிற் சதுப்பு நிலத்தைப் பொறுப்பது. இலையுதிர்காலத்தில் அதன் இலைகள் செந்நிறம் அடையும்.

2007-ஆம் ஆண்டில் போர்ட்லாந்து நகரமன்றம், புதிதாய்ச் செப்பனிடப்படும் தெருக்களில் இத்தகைய அமைப்புகளைச் சேர்த்தல் வேண்டும் என்பதை நகரின் கொள்கையாக ஏற்றது. நகரின் தென்கிழக்குப் பகுதியிற் பழைய குழாய்களை மாற்றக் கணக்கிட்டபோது, பெரிய குழாய்களை மட்டும் இடுவதைவிடக் குழாயும் செடியும் சேர்ந்த திட்டமே பெரிதும் செலவு குறைந்தது என்று கண்டனர். அப்பகுதியில் மவுண்ட் டேபர் என்னும் நடுநிலைப்பள்ளி ஒன்று உண்டு. அதன் வகுப்பறைகளை ஒட்டித் தார் பூசிய வெளி ஒன்று வெயிலில் காய்ந்து அறைகளை உலையாக்கி வந்தது. அதனைப் பெயர்த்துவிட்டு, பள்ளிக் கூரையின் நீரும் சுற்றுப்புறத்து நீரும் வந்து இறங்கும் மழைநீர்த் தோட்டம் ஒன்றை அமைத்தனர். ஏறத்தாழ முப்பதாயிரம் சதுர அடிப் பரப்பின் நீரை அது ஏற்கிறது. சாக்கடையின் சுமை குறைந்தது; வகுப்பறையின் வெப்பமும் குறைந்தது. நாட்டின் கீழ்க்கோடியில் உள்ள பிலடெல்பியா நகரமும் இவ்வழியைப் பின்பற்றி 2011-ஆம் ஆண்டில் இருபத்தைந்து ஆண்டுத் திட்டம் ஒன்றைத் தொடங்கிற்று.

நீரின் அளவைப் பற்றி இதுவரை கூறப்பட்டது. நீரின் நஞ்சைப் பற்றி உலகம் அறிந்துகொண்டது ஒரு மீனால். போர்ட்லாந்துக்கு வடக்கே ஏறத்தாழ 175 மைல் தொலைவில், வாஷிங்டன் மாநிலத்திற் சியாட்டில் என்னும் நகரம் இருக்கிறது. அப்பகுதி ஓடைகளில் கோஹோ என்னும் சால்மன் மீன் பிறக்கிறது. சிறு பருவத்திலே அது கடலுக்குச் சென்று வளர்கிறது. முட்டையிடும் காலத்தில் எத்தனை தொலைவாயினும் கடந்து, தான் பிறந்த ஓடைக்கே திரும்பி வருகிறது. முட்டையிட்ட பின் அங்கேயே இறக்கிறது. நகர ஓடைகளைச் செப்பனிட்டுப் பல ஆண்டு காத்திருந்த மக்கள், மீன் திரும்பி வந்ததைக் கண்டு மகிழ்ந்தனர். அம்மகிழ்ச்சி நிலைக்கவில்லை. மழை பெய்ததும் மீன்கள் நிலைதடுமாறி நீர்மட்டத்திற் சுழன்று, வாய் பிளந்து இறந்தன. இறந்த பெண் மீன்களின் வயிற்றில் முட்டைகள் இடப்படாமல் அப்படியே இருந்தன. கடலைக் கடந்து வந்த மீன், தன் பிறப்பின் பயனை அடைவதற்குச் சில நாளே எஞ்சியிருக்கையில் தெருநீரால் மாண்டது.

அறிஞர் சிலர் சியாட்டில் நெடுஞ்சாலையினின்று வழிந்த மழைநீரைத் திரட்டி ஒரு சோதனை செய்து, அதன் முடிவை 2015-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அந்நீரில் விடப்பட்ட வளர்ந்த கோஹோ மீன்கள் அனைத்தும் ஒரு நாளுக்குள் இறந்தன. அதே நீரை மணல், மக்கிய உரம், நறுக்கிய மரப்பட்டை ஆகியவை கலந்த மண்ணினூடு வடித்து, அந்நீரில் மீன்களை விட்டனர். ஒன்றும் இறக்கவில்லை. கொல்லும் பொருள் இன்னது என்று அப்போது எவரும் அறியார். ஆயினும் மண் அதனை அறிந்தது போலத் தடுத்து நிறுத்திவிட்டது. ஐந்து ஆண்டுகளுக்குப் பின்னர், 2020-ஆம் ஆண்டு டிசம்பரில் அப்பொருள் கண்டறியப்பட்டது. டயர்கள் வெடிப்புறாதபடி 6பிபிடி என்னும் இரசாயனப் பொருளை அவற்றிற் சேர்க்கின்றனர். அது காற்றிலுள்ள ஓசோனோடு கூடி வேறொரு பொருளாக மாறுகிறது. டயர் தேயும்போது துகளோடு தெருவில் உதிரும் அப்பொருளே மீனைக் கொன்றது. உலகின் சாலைகள் எல்லாவற்றிலும் இத்துகள் கிடக்கிறது. டயர் செய்யும் முறை மாறும்வரையில், தெருவுக்கும் ஓடைக்கும் நடுவே ஒன்றரை அடி மண்ணை வைப்பதே கைக்கெட்டிய காவல்.

செடிப்பெட்டியைக் கண்டு மக்கள் முதலில் எழுப்பும் ஐயம் கொசுவைப் பற்றியதே. கொசு முட்டையினின்று பறக்கும் பருவம் அடைய ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும். செவ்வையாய் அமைந்த பெட்டியில் நீர் ஒரு நாளுக்குமேல் நிற்பதில்லை. ஆகவே அங்கே கொசு பெருகாது. நீர் இரண்டு மூன்று நாள் நின்றால் மண்ணின் துளைகள் அடைபட்டுவிட்டன என்பதற்கு அதுவே அறிகுறி. இங்கேதான் இவ்வமைப்பின் மெய்யான குறை வெளிப்படுகிறது. புதைத்த குழாயைப் பல ஆண்டு திரும்பிப் பாராமல் விட்டுவைக்கலாம். பெட்டியை அவ்வாறு விடமுடியாது. வாயருகே படியும் வண்டலை அகற்றல் வேண்டும். களை பறித்தல் வேண்டும். பட்ட செடிக்கு மாற்றாக வேறு நடுதல் வேண்டும். எறியப்பட்ட தாளையும் புட்டியையும் பொறுக்குதல் வேண்டும். கட்டுவதற்குப் பணம் ஒதுக்கும் நகரங்கள் பேணுவதற்கு ஆள் ஒதுக்க மறந்துவிடுகின்றன. அவ்விடங்களிற் செடிப்பெட்டி குப்பைத்தொட்டி ஆகிவிடுகிறது.

போர்ட்லாந்தில் நகராட்சிப் பணியாளரோடு தெருவில் வாழ்வோரும் தம் வீட்டெதிரே உள்ள பெட்டிகளைப் பேண முன்வருகின்றனர். இலையுதிர்காலத்தில் இப்பணி மிகும். தெருமரங்கள் அனைத்தும் ஒருங்கே இலையுதிர்க்கும் அக்காலமே முதல் மழை தொடங்கும் காலமும் ஆகும். ஈர இலைகள் நான்கைந்து ஒட்டிக்கொண்டால் போதும், ஓரடி அகலமுள்ள வாய் அடைபட்டு, நீர் பெட்டியைக் கடந்து நேரே சாக்கடைக்கு ஓடிவிடும். ஆதலின் மேகம் கறுக்கும் மாலைகளில் அவ்வீட்டார் வாரும் கையுமாய்த் தெருவுக்கு வந்து, விளிம்புக்கல்லின் வாயில் அடைந்த இலைகளை வாரி அப்புறப்படுத்துகின்றனர்.